சிற்றுண்டிக் கணக்கில் ஒரு மருந்து

ஒரு பொருள் குளிர்ச்சியாக இருக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அதிலுள்ள வெப்பம் வெளியேற்றப்பட வேண்டும். இரண்டாவது, அப்படி வெளியேற்றுவதற்கு உரிய அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். முதல் சிக்கலை விஞ்ஞானிகள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். இரண்டாவதைத் தீர்ப்பதற்காக அந்தச் சிறு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் அனுப்பப்பட்டிருந்தார்.

அவருடைய முழுப் பதவிப் பெயர், 'நாட்பட்ட நோய்ப் பராமரிப்புக்கான உலகளாவிய கொள்கைகளின் உள்ளூர் ஒருங்கிணைப்பு அலுவலர்' என்பது. பெயர்ப்பலகை எழுத வந்தவர் முதல் இரண்டு சொற்களைக் கம்பீரமாக எழுதியதும் பலகை தீர்ந்துவிட்டது. மிச்சத்தைச் சுவரில் எழுதினார். அடுத்த ஆண்டு சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அன்றிலிருந்து அவருடைய நாற்காலிக்கு மேலே 'நாட்பட்ட நோய்' என்ற சொற்கள் மட்டும் தொங்கின. புதிதாக வருகிறவர்கள் அதுதான் அவருடைய பதவி என்று எடுத்துக்கொண்டு வணக்கம் சொன்னார்கள்.

அவர் நல்ல மனிதர். பின்னால் நடந்தவற்றைக் கேட்டால் சந்தேகம் வரும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கு லஞ்சம் வாங்கத் தெரியாது, கோபப்படத் தெரியாது, யாரையும் கைவிடத் தெரியாது. கூட்டம் கூட்டத் தெரியும். சம்பந்தப்பட்டவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்காராததால்தான் உலகில் துன்பம் இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். மேசை இருந்தது. நாற்காலிகளும் இருந்தன. துன்பம் மட்டும் ஏனோ அந்த மேசையைப் பார்த்துப் பயப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு பொருள்கள் பிரிந்திருந்தன. ஒன்று வெள்ளை நிறத்தில் ஆளுயர ஃபிரிட்ஜ். அதைத் தடுப்பூசித் திட்டத்தார் கூரையில் சூரியத் தகடு பொருத்திக் கொடுத்திருந்தார்கள். மற்றொன்று இன்சுலின் மருந்து. அதை வேறொரு கூட்டமைப்பு இலவசமாக அனுப்பியது. ஃபிரிட்ஜ் கதவில் 'தடுப்பூசிக்கு மட்டும்' என்றும், மருந்துப் பெட்டியின் மேல் 'குளிரில் வைக்கவும்' என்றும் அச்சடித்திருந்தது. இரண்டு வாசகங்களையும் மதித்து, மருந்தைப் பக்கத்திலிருந்த இரும்பு அலமாரியில் வைத்தார்கள். மத்தியானத்தில் அதன் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும்.

வீட்டிலாவது வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கக் கூடாது. அந்த ஊரில் மின்சாரம் அழையாத விருந்தாளி மாதிரி வரும், சொல்லிக்கொள்ளாமல் போகும். வசதியுள்ளவர்கள் தங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் துணி மடித்து வைத்திருந்தார்கள். ஆகவே சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். வெந்துபோன மருந்தைக் குத்திக்கொண்டு, வந்தபோது இருந்த சர்க்கரையோடு திரும்பிப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். ஒருங்கிணைப்பாளரின் மனைவி.

"ஏங்க, இன்னிக்கும் ஏறித்தான் இருக்கு," என்றாள் அவள், செம்பிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு. "கரும்பலகையில நான் எழுதினது எனக்கே தெரியல. ஒரே இடத்துல ரெண்டு கணக்கை ஒண்ணு மேல ஒண்ணா எழுதியிருக்கேன். பசங்க ரெண்டுக்கும் விடை போட்டுட்டு உக்காந்திருக்காங்க."

"கவலைப்படாதே. உன் விஷயத்தை நாளைக் கூட்டத்துல ஆறாவது பொருளா சேத்திருக்கேன்."

"முதல் அஞ்சும் என்ன?"

"வரவேற்புரை, அறிமுகம், போன கூட்டத்து நடவடிக்கைகளை உறுதி செய்தல், சிற்றுண்டி, குழுப்படம்."

"போன கூட்டத்துல நான் எத்தனாவது?"

"ஆறாவதுதான். குழுப்படம் எடுத்ததும் எல்லாரும் கிளம்பிட்டாங்க."

"அதுக்கு முந்தின கூட்டத்துல?"

அவர் பேச்சை மாற்றினார். "எல்லாம் சரியாயிடும்."

"சரியாகற வரைக்கும் நான் என்ன பண்ணட்டும்?"

"தண்ணி குடி," என்றார் அன்போடு. "நிறையக் குடி."

மறுநாள் அவர் துணிச்சலாக ஒரு காரியம் செய்தார். குழுப்படத்துக்கு முன்பே ஆறாவது பொருளை எடுத்துக்கொண்டார். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர்: தடுப்பூசி அதிகாரி, மருந்து அனுப்பும் கூட்டமைப்பின் அதிகாரி, அந்த ஆஸ்பத்திரியை உண்மையில் நடத்திக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர். டாக்டர் என்று ஒருவரும் உண்டு. டாக்டர்கள் பற்றாக்குறையைப் பற்றிய பயிற்சிக்காக அவர் பெரும்பாலும் வெளியூரில் இருப்பார்.

"வெள்ளைப் பெட்டி முக்காவாசி காலியாத்தானே சார் இருக்கு," என்றார் பெரிய சிஸ்டர்.

தடுப்பூசி அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "காலி இல்லைங்க சிஸ்டர். வரப்போற தடுப்பூசிக்கு ஒதுக்கின இடம். வெறும் இடம் வேற, ஒதுக்கின இடம் வேற."

"எப்ப வரும்?"

"அது வேற திட்டம்."

"ஒரு ஓரமா, ஒரே ஒரு தட்டு குடுத்தா..."

"இன்னிக்கு இந்த நோய்க்கு ஒரு தட்டு குடுப்பேன். நாளைக்கு இன்னொரு நோய் வந்து வாசல்ல நிக்கும். நோய்க்கு இடம் குடுக்காதீங்கன்னு வெளியே சுவத்துல எழுதி வெச்சிருக்கறதே நாமதான்."

ஒருங்கிணைப்பாளர் மருந்து அதிகாரி பக்கம் திரும்பினார். "அப்போ நீங்களாவது ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் குடுக்கலாமே?"

"நாங்க மருந்து குடுப்போம், குளிர் குடுக்க மாட்டோம். குளிர்ங்கறது கட்டமைப்பு."

"குளிரில் வைக்கவும்னு நீங்கதானே அச்சடிச்சிருக்கீங்க?"

"அது அறிவுரை சார். அறிவுரைக்கு நிதி கிடையாது."

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். பிறகு தடுப்பூசி அதிகாரி, கையிலிருந்த கலர் சோடா பாட்டிலை உயர்த்திக் காட்டி, ஒரே ஒரு குறை சொன்னார். "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இந்தக் கலர் சூடா இருக்கு. இப்படிச் சூடான கலரைக் குடிச்சிட்டு ஒருத்தரோட ஒருத்தர் எப்படி ஒருங்கிணையறது?"

நியாயமாகப் பட்டது. ஒருங்கிணைப்பாளர் தம் கையேட்டைப் பார்த்தார். 'கூட்டத்தில் சுமுகமான சூழல் நிலவும் பொருட்டு, பங்கேற்பாளர்களுக்குக் குளிரூட்டப்பட்ட சிற்றுண்டி வழங்கப்படுதல் வேண்டும். அதற்கான குளிர்பெட்டி, தேவைப்படின் சூரியத் தகட்டுடன், கோரிக்கை கிடைத்தவுடன் அனுப்பி வைக்கப்படும்.' மருந்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் கேட்டு அவர் எழுதிய மனுக்கள் எங்கோ ஓர் அலுவலகத்தில் பரிசீலனையில் முதிர்ந்துகொண்டிருந்தன. கலருக்கு ஒரு ஃபிரிட்ஜ் கேட்டு எழுதினார். அந்த வாரமே லாரியில் வந்து இறங்கியது. கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே விளக்கு வேறு. கலர் பாட்டில்கள் மாதம் தவறாமல் வந்துவிடும் என்று கூட வந்த மெக்கானிக் உறுதி சொன்னார்.

அன்று மாலை ஊசிக்கு வந்த டீச்சர், கூட்ட அறையில் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றாள். சிவப்பும் மஞ்சளுமாக வரிசை கட்டி நின்ற பாட்டில்களின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"இது யாருக்கு?"

"பங்கேற்பாளர்களுக்கு."

"என் மருந்து அலமாரியில வேகுது. உங்க கலர் லைட் போட்டுக்கிட்டு ஜில்லுனு உக்காந்திருக்கு."

"அது சிற்றுண்டி நிதிம்மா. அதுல மருந்து வெச்சா மேல கேள்வி வரும்."

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனிடம் கேட்கிற குரலில் கேட்டாள்: "சிற்றுண்டின்னா என்ன? வரையறை சொல்லுங்க."

அவர் கையேட்டைப் புரட்டினார். "'கூட்டத்தின்போது பங்கேற்பாளருக்கு வழங்கப்படும், திட அல்லது திரவ வடிவிலான, உடலுக்குத் தெம்பளிக்கும் பொருள்.'"

"என் மருந்து திடமா, திரவமா?"

"திரவம்."

"தெம்பளிக்குமா?"

"கெட்டுப்போகாம இருந்தா அளிக்கும்."

"வாயாலதான் சாப்பிடணும்னு போட்டிருக்கா?"

அவர் இந்தப் பக்கத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் பார்த்தார், அட்டையின் பின்புறத்தையும் பார்த்தார். போடவில்லை.

"பங்கேற்பாளர்னா யாரு?"

"'சம்பந்தப்பட்ட துறையினர் மற்றும் பாதிக்கப்பட்ட சமூகத்தின் பிரதிநிதிகள்.'"

"என்னைப் பாத்தா பாதிக்கப்பட்ட மாதிரி தெரியலையா?"

ஒருங்கிணைப்பாளர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள்மீது அவருக்கு இவ்வளவு மரியாதை வந்ததில்லை. விதியை மீறுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பயம். விதிக்குள்ளேயே கதவு திறக்கிறவர்களைக் கண்டால் கும்பிடத் தோன்றும்.

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுவது நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக, காலையும் மாலையும் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடந்தது.

எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல அவர். சிற்றுண்டியை இரண்டு வகையாகப் பிரித்தார். 'அ' வகை, துறையினருக்கு: கலர். 'ஆ' வகை, பாதிக்கப்பட்ட சமூகத்துக்கு: இன்சுலின், பெரிய சிஸ்டர் கையால். சிற்றுண்டி விஷயத்தில் அதிகாரிகள்மீது பொதுமக்களுக்கு நெடுநாளாக இருந்துவரும் நியாயமான சந்தேகத்தைக் களைய, தாமே ஒரு விதியும் எழுதிச் சேர்த்தார்: 'அலுவலர் எவரும் எக்காரணம் கொண்டும் ஆ வகைச் சிற்றுண்டியைப் பெறுதல் ஆகாது.' எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தார். நன்றாக வந்திருந்தது.

கண்ணாடிப் பெட்டி முழுக்க மருந்து நிறைந்ததும், கலர் பாட்டில்களுக்கு இடமில்லாமல் போயிற்று. அவற்றைக் குளிரூட்டாமல் விடுவதும் விதிமீறல். தடுப்பூசி அதிகாரி பெருந்தன்மையோடு முன்வந்தார்.

"எங்க பெட்டியில வெச்சுக்குங்க."

"ஒதுக்கின இடமாச்சே?"

"கலர் நோய் இல்லையே சார். அதிகாரிகள் குடிக்கறதுதானே. இடைக்கால ஏற்பாடா இருக்கட்டும்."

பெரிய சிஸ்டர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ தடுப்பூசிப் பெட்டியில கலர் இருக்கு. கலர் பெட்டியில மருந்து இருக்கு. ரெண்டையும் மாத்தி வெச்சா என்ன?"

வெளியே யாரோ இருமுவது கேட்டது.

"அதுக்கு உலக அளவுல ஒரு கொள்கை வேணும் சிஸ்டர்," என்றார்கள் இரண்டு அதிகாரிகளும், ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. ஒருங்கிணைப்பாளர் அதை ஒருங்கிணைப்பின் முதல் வெற்றி என்று பதிவு செய்தார்.

கூட்டங்களில் ஆரம்பத்தில் கொஞ்சம் சிரமம் இருந்தது. பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்து உட்காருவார்.

"சார், இந்த வரவேற்புரையைச் சுருக்கி வெச்சுக்கலாமா? வாசல்ல வண்டி நிக்குது, ஜனங்க ஹாரன் அடிக்கறாங்க."

"வரவேற்கப்படாம நீங்க பங்கேற்பாளர் ஆக முடியாது டிரைவர். பங்கேற்பாளர் ஆகாம சிற்றுண்டி கிடையாது."

"அப்ப சரி, வரவேற்றுத் தொலைங்க."

ஒவ்வொரு கூட்டமும் ஒரு தீர்மானமாவது போட வேண்டும் என்பது விதி. அவர்களிடம் தீர்மானம் எதுவும் கைவசம் இல்லை. ஆகவே, கூட்ட அறையின் கடிகாரம் நின்றுபோயிருப்பதைக் காலையில் வருத்தத்துடன் கவனத்தில் கொண்டார்கள். மாலையில் அந்த வருத்தத்தை உறுதி செய்தார்கள். காலில் ஆறாத புண்ணோடு வந்துகொண்டிருந்த தையல்காரம்மா, முன்மொழிவதும் வழிமொழிவதும் எப்படி என்று கற்றுக்கொண்டார்.

ஆனால் மருந்து குளிர்ந்திருந்தது. குளிர்ந்த மருந்து மருந்தாக வேலை செய்தது. தையல்காரம்மாவின் புண் ஆறியது. டீச்சரின் கரும்பலகையில் ஒரு கணக்கின் மேல் இன்னொரு கணக்கு ஏறுவது நின்றது. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள்.

இந்த ஏற்பாட்டில் துறையினர் செலுத்த வேண்டிய பங்கும் ஒன்று இருந்தது. வழங்கப்பட்ட சிற்றுண்டி உட்கொள்ளப்படாவிட்டால் கூட்டம் செல்லாது. பங்கேற்பாளர்கள் அத்தனை பேரும் சர்க்கரை நோயாளிகள். கலரைக் கையால் தொடக்கூடாது. மற்ற இரண்டு அதிகாரிகளும் மேலிடத்திலிருந்து யாராவது வரும் நாளில் மட்டும் தலைகாட்டுவார்கள். எனவே ஒருங்கிணைப்பாளர் காலையில் தம் பங்கையும், அவர்கள் இருவரின் பங்கையும் சேர்த்துக் குடித்தார். மாலையிலும் அப்படியே. அவருக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. கடமை என்று வந்தபின் நாக்கைக் கேட்பதில்லை.

"கொஞ்சம் கொட்டிடுங்களேன்," என்றாள் டீச்சர் ஒருநாள்.

"உட்கொள்ளப்பட்டதுன்னு நான் கையெழுத்துப் போடணும். பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

நாளாக ஆக, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பங்கேற்பாளர்களுக்குக் கூட்டம் பிடித்துப்போயிற்று. தையல்காரம்மா எல்லாருக்கும் தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ளப் பட்டைகள் தைத்தார். பதவிக்கு ஏற்ப ஜரிகையின் அகலம் மாறும். டிரைவர் துணைத்தலைவர் ஆனார். ஆன அன்றே வரவேற்புரையை நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். ஹாரன் அடித்தவர்களுக்கு ஜன்னல் வழியாக, "கூட்டம் நடக்குதுல்ல, உக்காருங்க," என்று பதில் போயிற்று.

"வீட்டுல சோறு போடும்போது வாய் தவறி 'வழிமொழியறேன்'னு சொல்லிட்டேன்," என்றார் ஒருநாள். "எங்க வீட்டம்மா கரண்டியாலயே திருத்தம் கொண்டுவந்தா."

தலைவர் பதவிக்கு டீச்சர் போட்டியின்றித் தேர்வானாள். சுண்ணக்கட்டியால் மேசையில் தட்டினால் அறை அடங்கிவிடும்.

இப்படியாக, உலகத்தில் எங்கும் நடக்காத அளவுக்குக் கூட்டங்கள் அந்த ஆஸ்பத்திரியில் நடந்தன. தலைமையகத்துக்கு இது தெரியாமல் இருக்குமா? ஓர் அம்மையார் நேரில் வந்து இறங்கினார். ஏழை நாடுகளில் நாட்பட்ட நோய்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு முழுவதும் அவரிடம்தான் இருந்தது. அவர் நோயாளிகளைப் பார்க்கவில்லை. தீர்மானங்களைப் படித்தார். கடிகாரம் பற்றிய தீர்மானங்களின் தொடர்ச்சி அவரைக் கவர்ந்தது.

"எல்லாரும் சரியான நேரத்துக்கு வர்றாங்களா?"

"ஒருத்தர்கூடத் தவற மாட்டாங்க," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அம்மையார் டிரைவரிடம் திரும்பினார். "எது உங்களை இந்தக் கூட்டத்துக்கு விடாம வர வைக்குது?"

"வரலைன்னா செத்துருவோம்ங்க," என்றார் டிரைவர்.

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கூட்டங்கள்மேல இப்படி ஒரு பிடிப்பை நான் எந்த நாட்டுலயும் பாத்ததில்லை." பிறகு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "அதுதான் ஆ வகைச் சிற்றுண்டியா? எனக்கும் கொஞ்சம் குடுங்க. மக்களோட உக்காந்து சாப்பிடறது எங்க கொள்கை."

ஒருங்கிணைப்பாளருக்கு வியர்த்தது. பெரிய சிஸ்டர்தான் சமாளித்தார். "உங்களுக்கு ஒத்துக்காதும்மா. பழகினவங்களுக்கே ஊசி வழியாத்தான் உள்ள அனுப்பறோம்."

'ஆழமாகச் செல்லும் பங்கேற்பு' என்று அம்மையார் குறித்துக்கொண்டார். அவர் கிளம்பும் நேரத்தில் சிஸ்டர் இரண்டு பெட்டிகளையும் மாற்றி வைக்கும் யோசனையை மறுபடி சொல்லிப் பார்த்தார். அருமையான கேள்வி என்று அம்மையார் பாராட்டினார். அதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வழங்கப்பட்டது.

அடுத்து வந்த ஆணையில், அந்த ஆஸ்பத்திரி உலக மாதிரியாக அறிவிக்கப்பட்டது. ஏழை நாடுகள் எல்லாவற்றிலும் காலையும் மாலையும் கூட்டம் நடத்த வேண்டும். வரவேற்புரை, அறிமுகம், தோளில் போடும் பட்டை, ஜரிகை, கடிகாரம் பற்றிய வருத்தம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஆ வகைச் சிற்றுண்டி உள்ளூர் வழக்கம் என்பதால் விருப்பம்போல் விட்டுவிடலாம். மாதிரி எங்கும் கெடாமல் இருக்க, அந்த ஆஸ்பத்திரிக் கூட்டத்தின் மூலையில் ஒரு பார்வையாளர் நிரந்தரமாக உட்கார வைக்கப்பட்டார். ஒரு விதி பிசகினாலும் கண்ணாடிப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர் பேசுவதில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருங்கிணைப்பாளர் நாடு நாடாகப் போனார். போன இடமெல்லாம் கூட்டம் நடத்திக் காட்டினார். கூட்டம் என்றால் 'அ' வகை உண்டு. சில நாடுகளில் பாட்டில் பெரிது. திரும்பி வந்தபோது சட்டை தொளதொளவென்று இருந்தது. எத்தனை செம்பு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. தம் நாற்காலிக்கு மேலிருந்த பலகையைப் படிக்கப் போனால், எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன.

அதிசயமாக டாக்டர் ஊரில் இருந்தார். விரலில் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ரொம்ப நாளா இருந்திருக்கு சார். மாத்திரைக்கு அடங்காது. இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சாகணும்." சொல்லிவிட்டு அடுத்த பயிற்சிக்குக் கிளம்பிப் போனார்.

ஒருங்கிணைப்பாளர் கூட்ட அறைக்கு நடந்தார். மாலைக் கூட்டம் தொடங்கும் நேரம். வாசலில் பெரிய சிஸ்டர், சிற்றுண்டிப் பொறுப்பாளருக்கு உரிய அகலத்தில் ஜரிகை போட்ட பட்டையோடு நின்றிருந்தார்.

"சிஸ்டர், எனக்கு ஒரு ஊசி."

சிஸ்டரின் முகம் மாறியது. மூலையில் இருந்த பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க அ வகை சார்," என்றார் தணிந்த குரலில். "தலைவரைத்தான் கேக்கணும்."

தலைவர் வெளியே வந்தாள். கணவனைப் பார்த்ததும் கையிலிருந்த சுண்ணக்கட்டி கீழே விழுந்தது. "உங்களுக்கா?"

"ஆமா."

"அந்தக் கலர்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சர்க்கரை நோய்க்கு நெற்றி சுடாது என்பது அவளுக்கு நினைவில்லை. பிறகு உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தாள். "அலுவலர் எவரும் எக்காரணம் கொண்டும்னு எழுதியிருக்கீங்களே. எக்காரணம்னு எதுக்குங்க போட்டீங்க?"

"படிக்க நல்லா இருந்துது."

"இப்ப உங்களுக்குன்னு மீறினா, அந்த ஆள் எந்திரிச்சுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவார். உள்ள இருக்கறவங்க எல்லாரும் மறுபடி அலமாரிக்குப் போகணும்."

"அப்ப நான் ராஜினாமா பண்ணிடறேன். ராஜினாமா பண்ணிட்டா நான் அலுவலர் இல்லை. பாதிக்கப்பட்ட சமூகம்."

சொல்லும்போதே அவர் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. விதிக்குள்ளேயே கதவு.

"அதை நான் முன்னாடியே யோசிச்சிட்டேன்," என்றாள் அவள். "உங்க பேர்ல எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன். போடுங்க. கூட்டம் ஏத்துக்கிட்டா, அடுத்த நிமிஷமே சிஸ்டர் போட்டுடுவாங்க."

"கூட்டத்துல எப்ப எடுத்துக்குவீங்க?"

அவள் குனிந்து சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டாள். "ஆறாவது பொருளா சேத்திருக்கேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "முதல் அஞ்சும்..."

"நீங்க போட்ட அஞ்சுதான். ஒண்ணை முன்னாடி பின்னாடி பண்ணினாலும் மாதிரி கெட்டுடும். ஆனா குழுப்படம் எடுத்ததும் ஒருத்தரையும் கிளம்ப விட மாட்டேன். கதவைப் பூட்டிச் சாவியை நானே வெச்சுக்கறேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ணட்டும்?"

அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு அவள் சொன்னாள்: "தண்ணி குடிங்க. நிறையக் குடிங்க."

கதவு சாத்திக்கொண்டது. அவர் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் தடுப்பூசித் திட்டத்தின் வெள்ளைப் பெட்டி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீர் இருக்குமா என்று திறந்து பார்த்தார். சிவப்பும் மஞ்சளுமாகக் கலர் பாட்டில்கள் வேர்த்து நின்றன. மூடினார்.

உள்ளேயிருந்து டிரைவரின் குரல், நிறுத்தி நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு வந்தது. சிஸ்டர் தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தார்.

"எத்தனாவது பொருள் போகுது சிஸ்டர்?"

"வரவேற்புரை சார். இப்பத்தான் முதல் பக்கத்தைப் புரட்டினார்."

"கொஞ்சம் சுருக்கிப் படிக்கச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் சார். ஒரு வரி விட்டாலும் செல்லாதாம். உலகம் பூரா இப்ப இதைத்தான் படிச்சிட்டிருக்காங்களாம். நீங்க எழுதினது."

அவர் செம்பை வாங்கிக் குடித்தார். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கேட்டார். 'சம்பந்தப்பட்ட அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்துவிட்டால், தீராத துன்பமும் உண்டோ?' என்ற இடம் வந்தது. அவருக்குப் பிடித்த இடம். அதை எழுத அன்று அவர் நிறையப் பாடுபட்டிருந்தார். உள்ளே எல்லாரும் கை தட்டினார்கள். கண்ணாடிப் பெட்டியில் மருந்துக்கு இடம் கிடைக்காத எத்தனையோ ஊர்களில், அலமாரியில் வேகும் மருந்துக்குப் பக்கத்தில் நின்றபடி, அதே வரிக்கு அதே கை தட்டல் எழுந்துகொண்டிருந்தது.

வெளியே பெஞ்சில் இருந்தவரும், செம்பைக் கீழே வைத்துவிட்டு, தட்டினார்.